மிளகு இல்லாத மரம்

2025 மார்ச் 2, ஞாயிறு. காலை 6.40.

பெட்டிகள் ஏழு. கண்டுபிடித்தவர்கள் பூஜ்யம்.

ஏழையும் ஒளித்துவைத்தவன் நான்தான். எல்லாம் ஏற்காட்டில், எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்துக்குள். விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். ஒருவன் ஒரு சின்ன டப்பாவை எங்காவது மறைத்துவைப்பான். உள்ளே ஒரு காகிதச் சுருள் இருக்கும். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தளத்தில் போடுவான். மற்றவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு வந்து தேடுவார்கள். கிடைத்தால் சுருளில் பெயரெழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். பரிசு கிடையாது. 'அப்புறம் எதுக்குடா?' என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

போன் காட்டும் இடத்தில் ஐந்து பத்து மீட்டர் பிசகும். மரங்களுக்கடியில் இன்னும் பிசகும். அதற்காகத்தான் தளத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ள பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு உண்டு. எடுத்த எடுப்பில் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று தளமே அந்த எழுத்துகளைக் குழப்பிப்போட்டு வைத்திருக்கும். தேடி அலுத்தவன் பொத்தானை அழுத்தினால் எழுத்துகள் நேராகும்.

இந்த ஏழு பெட்டியும் ஊருக்காக வைத்ததல்ல. அண்ணனுக்காக.

அண்ணன் காளியண்ணன், வயது முப்பத்தெட்டு, சேலம்–ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டர். டிசம்பரில் பக்கவாதம். கால் பெரும்பாலும் தேறிவிட்டது, கைத்தடி போதும். வலது கை பாதி தேறியிருக்கிறது. பேச்சுதான் சிக்கல். நாம் சொல்வது முழுக்கப் புரிகிறது. தான் சொல்ல நினைப்பதும் அவனுக்குத் தெரிகிறது. வார்த்தை மட்டும் வாய்க்கு வருவதில்லை. ஜூன் மாதம் மருத்துவக் குழு கூடும். அவன் மறுபடி பஸ்ஸில் ஏறலாமா கூடாதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். அவனுக்கு வேறு எதுவும் வேண்டாம், பஸ் வேண்டும். ஆனால் வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறான். இந்த ஊரில் அவனைத் தெரியாத ஆள் இல்லை. தெருவில் இறங்கினால் 'என்ன கண்டக்டரே' என்று பத்துப் பேர் நிறுத்துவார்கள். நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டும்.

ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் என்று இன்று விடியற்காலையில் இழுத்துக்கொண்டு போனேன். முதல் பெட்டி. கால் மணி நேரம் தேடினான். கிடைக்கவில்லை. குறிப்பைத் திறந்து காட்டினேன். நான் எழுதியிருந்தது: 'யோசித்தால் தெரியும்.'

படித்தான். போனை என் கையில் திணித்தான்.

"போடா லூசு" என்றான். தெளிவாக, தடங்கலே இல்லாமல்.

திட்டு மட்டும் எப்படி வருகிறது என்று கேட்க வேண்டும்.

மார்ச் 5, புதன்

சேலத்தில் பேச்சுப் பயிற்சி. வாடகைக் காரில்தான் போனோம். பஸ்ஸில் பயணியாக உட்கார மாட்டானாம். அண்ணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினான்.

பயிற்சியாளர் ஹெப்சிபா மேடம். திட்டு, எண்ணிக்கை, சாமி பாட்டு எல்லாம் மூளையில் வேறு வழியாக வருமாம், அதனால் தப்பித்துவிடுமாம். ஒரு படத்தைக் காட்டி "இது என்னங்க?" என்றார். குடை. அண்ணன் வாயைத் திறந்தான், மூடினான், திறந்தான்.

"குடை" என்றேன் நான்.

மேடம் படத்தைக் கவிழ்த்து வைத்தார். "தம்பி, நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"கருவியியல். புனேல அழுத்தமானி சரிபார்க்கிற வேலை. இப்போ லீவு."

"மீட்டர் முள்ளு மெதுவா ஏறுனா நீங்க கைய வச்சுத் தள்ளிவிடுவீங்களா?"

அண்ணன் சிரித்தான். இதற்கெல்லாம் நன்றாகச் சிரிக்கிறான்.

மேடத்தின் முறை இது: வார்த்தையைச் சொல்லித் தரக் கூடாது. முதலில் சும்மா இருக்க வேண்டும். பிறகும் வராவிட்டால் அது எதற்குப் பயன்படும் என்று ஒரு வார்த்தை. பிறகும் வராவிட்டால் முதல் எழுத்தின் ஒலி மட்டும். அதோடு நிறுத்திவிட வேண்டும். "சும்மா இருக்கிறதுதான் உங்களுக்கு வேலை. அதைத்தான் நீங்க பழகணும், அவரில்ல" என்றார்.

திரும்பும்போது அடிவாரத்தில் ரத்த அழுத்த மாத்திரை, வேப்பம்புண்ணாக்கு வாங்கினோம்.

மார்ச் 9, ஞாயிறு

இரண்டாவது பெட்டி. காப்பித் தோட்டத்து ஓரத்தில், சாலையை ஒட்டி. தோட்டக்காரரிடம் அனுமதி வாங்கித்தான் வைத்தேன். குறிப்பு: 'சில்வர் ஓக் மரத்தடியில்.'

அங்கே இருப்பதெல்லாம் சில்வர் ஓக். காப்பிக்கு நிழலுக்காக வரிசை வரிசையாக நட்டிருக்கிறார்கள். வைக்கும்போது எனக்கு அந்த ஒரு மரம்தான் கண்ணில் இருந்தது. இன்று அண்ணன் பக்கத்தில் நின்றபோதுதான் மற்ற மரங்களைப் பார்த்தேன்.

அவன் குறிப்பைப் படித்தான். மரங்களைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு கைத்தடியால் முதல் மரத்தைத் தட்டி, "ஒண்ணு" என்றான். அடுத்ததைத் தட்டி, "ரெண்டு." என்னைக் கேலி செய்துகொண்டே ஒரு வரிசை முழுக்கப் போனான். பெட்டி கிடைக்கவில்லை. எனக்கு எரிச்சல். நான் எழுதிய குறிப்பால் யாருக்கும் பயனில்லை என்று இரண்டாவது முறையாக நிரூபணமாகியிருக்கிறது.

வீட்டில் சொன்னபோது அண்ணி சட்டினி தாளித்துக்கொண்டிருந்தார். கரண்டியோடு திரும்பினார். "எவ்வளவு தூரம் நடந்தாரு?"

"அது கெடக்கட்டும் அண்ணி, பெட்டியே கெடைக்கல."

"தம்பி, எவ்வளவு தூரம் நடந்தாருன்னு கேட்டேன்."

தோராயமாகச் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு அண்ணனுக்கு இன்னும் இரண்டு தோசை வைத்தார்.

மார்ச் 14

பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் தளத்தில் எழுதியிருக்கிறார்: முதல் பெட்டி கிடைக்கவில்லை, குறிப்பு திமிராக இருக்கிறது. திமிரா? உண்மையிலேயே யோசித்தால் தெரியும் இடம் அது.

மார்ச் 16, ஞாயிறு

திமிர் என்றால் சரி, விளக்கமாகவே தருகிறேன் என்று மூன்றாவது பெட்டியின் குறிப்பை மாற்றினேன்: 'தடுப்புச் சுவரின் ஏழாவது தூண், பள்ளத்தைப் பார்த்த பக்கம், தரையிலிருந்து ஒரு சாண் உயரம், இடதுபுறம், காந்தத்தில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிற டப்பா.' இதற்கு மேல் தெளிவாக யாராலும் எழுத முடியாது.

அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். நேராகப் போனான், கையை விட்டான், எடுத்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு மகிழ்ச்சி. அவன் டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. என் சட்டைப் பையில் போட்டான்.

"நா... நான்..." என்றான். அப்புறம் ஒன்றும் வரவில்லை. உள்ளங்கையைத் தரைக்கு மேலே முழங்கால் உயரத்தில் பிடித்துக் காட்டினான். சின்னப் பிள்ளை.

"அப்படியில்லண்ணா, குறிப்புன்னா..."

நடக்க ஆரம்பித்துவிட்டான். என்னை விட்டுவிட்டு அவ்வளவு வேகமாக நடந்தது இதுவே முதல் முறை. அதைச் சொல்லியிருந்தால் இன்னும் கோபப்பட்டிருப்பான்.

மார்ச் 21

வெளியே வர மறுக்கிறான். அண்ணி என்னிடம் நேரடியாகவே கேட்டார்: "எல்லாத்தையும் நீங்களே சொல்லிப்புட்டா அவரு எதுக்கு நடக்கணும்? வீட்லயும் அப்படித்தான். அவரு தண்ணின்னு வாயெடுக்கறதுக்குள்ள சொம்போட நிக்கறீங்க."

தாகமாக இருப்பவனுக்குத் தண்ணீர் கொடுப்பது எப்படித் தவறாகும் என்று கேட்டேன். அண்ணி வாளியைத் தூக்கினார். துணி காயப்போடப் போய்விட்டார்.

புனேயிலிருந்து போன். எடுக்கவில்லை.

மார்ச் 24

தண்ணீர் மோட்டாரில் வால்வு போய்விட்டது. பகல் முழுக்க அதோடு போனது. அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். ஸ்பேனரை எடுக்கப் போனேன். அவன் தலையாட்டி வேறு ஒன்றைக் காட்டினான். "ப... ப..." என்றான். பன்னிரண்டாம் நம்பரா, பத்தாம் நம்பரா? வாய் வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். போல்ட்டைப் பார்த்தேன், கொய்யா மரத்தைப் பார்த்தேன், மேலே போன காக்காயைப் பார்த்தேன்.

"பதினாலு" என்றான்.

பதினாலுதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "அஞ்சாவது பெட்டிக்கு நான் குறிப்பே எழுதல, வர்றியா?" என்று மட்டும் கேட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டான். வலது கையை நுழைக்க நேரம் பிடித்தது. நான் வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஏரிக்கரையில் ஒரு கல் பெஞ்சு. அதன் பலகையின் அடிப்பக்கத்தில் டப்பா. அண்ணன் பெஞ்சைச் சுற்றினான், பின்னாலிருந்த புதரைக் கிளறினான், விளக்குக் கம்பத்தைத் தட்டிப் பார்த்தான். கால் வலித்திருக்க வேண்டும். உட்கார்ந்தான். உட்காரும்போது பிடிமானத்துக்காக இடது கையால் பலகையின் விளிம்பைப் பற்றினான். விரல்கள் அடியில் போயின. அப்படியே நின்றான், பாதி உட்கார்ந்தும் உட்காராமலும். முகம் மாறியது. டப்பாவை உருவி என் மூக்கின் முன் ஆட்டினான்.

சுருளில் இடது கையால் பெயர் எழுதினான். 'கா' மட்டும் அழகாக வந்தது. மீதி கோழி கிளறியது போல. எல்லாப் பெட்டியிலும் சேர்த்து முதல் பெயர் அது.

குறிப்பு எழுதும் இடத்தைப் போனில் திறந்து, "இதுக்கு என்ன போடலாம்?" என்று கேட்டேன். அவன் பெஞ்சைத் தடவினான், யோசித்தான். ஏரியில் படகுத்துறைக்காரர் பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. நான் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்கு உடம்பு வலிக்கிற வேலை.

"உக்... உக்காரு" என்றான்.

நான் எழுதியிருந்தால் பெஞ்சு, அடிப்பக்கம், காந்தம் என்று எழுதியிருப்பேன். பெட்டி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வருகிறவன் அங்கே நின்று என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 8

'உட்கார்' என்று அவனே போனில் தட்டச்சு செய்தான், இடது கை ஆள்காட்டி விரலால். மூன்று முறை அழித்து எழுதினான். அனுப்பிய பிறகுதான் தவறு தெரிந்தது. தளம் எழுத்துகளைக் குழப்பும் என்று சொன்னேன் அல்லவா? ஆங்கில எழுத்துகளை மட்டும்தான் குழப்பும், ஒவ்வொன்றையும் பதின்மூன்று இடம் தள்ளிப்போட்டு. தமிழைத் தொடவே தொடாது. குறிப்பு எல்லார் கண்ணுக்கும் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. பொத்தானை அழுத்த வேண்டிய அவசியமே இல்லை.

இதுவரை என் குறிப்புகளெல்லாம் ஆங்கில எழுத்தில் இருந்ததால் எனக்கு இது தெரியவில்லை. இதையெல்லாம் முன்பே சோதித்திருக்க வேண்டிய ஆள் நான்.

"இங்கிலீஷ் எழுத்துல போட்டுரலாம்ணா. படிச்சா உட்கார்னுதான் வரும்."

"தமிழ்" என்றான்.

"தேடறதுக்கு முன்னாடியே படிச்சுருவாங்க."

"ப... படிக்கட்டும்."

விட்டுவிட்டேன். மூன்று முறை அழித்து எழுதியவன் அவன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

சேலத்திலிருந்து வந்த ஒரு ஜோடி ஐந்தாவது பெட்டியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். தளத்தில் எழுதியிருப்பது: 'கால் கடுக்கத் தேடினோம். உட்கார்ந்தோம். கிடைத்தது. குறிப்பு எழுதியவர் வாழ்க.'

அண்ணனுக்குக் காட்டினேன். படித்தான். போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் அண்ணியிடம் கொடுத்தான். அண்ணி சத்தமாகப் படித்தார். "இன்னொரு வாட்டி" என்று கேட்பது போல விரலைச் சுழற்றினான். அண்ணி மறுபடி படித்தார். அதற்குள் பால் பொங்கிவிட்டது. யாரும் யாரையும் திட்டவில்லை.

மாலையில் கைத்தடியோடு வாசலில் நின்றான். எல்லாக் குறிப்பையும் அவனே மாற்றப்போகிறானாம். அதை அவன் சொன்ன விதம்: என் போனைக் காட்டினான், தன் நெஞ்சைத் தொட்டான், "லூசு" என்று என்னைக் காட்டினான்.

மே 4, ஞாயிறு

இரண்டு வாரமாக விடியற்காலையெல்லாம் நடைதான். ஒரு நாளைக்கு ஒரு பெட்டி. அவன் முறை இது: போன் காட்டும் இடத்தில் போய் நிற்பான். முதல்முறை வருகிறவனைப் போலச் சுற்றிப் பார்ப்பான். கையை எங்கே வைப்பான், எங்கே குனிவான் என்று செய்து பார்ப்பான். அப்புறம் ஒரு வார்த்தை, அதிகம் போனால் இரண்டு. மூன்றாவது பெட்டிக்கு என் நான்கு வரியை அழித்துவிட்டு 'குனி' என்று போட்டான். முதல் பெட்டிக்கு, 'திரும்பு.' அது போதும். எல்லாரும் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே தேடுகிறார்கள். பெட்டி முதுகுக்குப் பின்னால்.

சில்வர் ஓக் தோட்டத்தில்தான் நேரம் எடுத்தது. பெட்டி இருக்கும் மரத்தை இந்த முறை நானே காட்டிவிட்டேன். அடிமரத்தில் ஒரு பொந்து, அதற்குள் டப்பா. அவன் அந்த மரத்தை விட்டுவிட்டு மற்ற மரங்களையெல்லாம் பார்த்தான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் தேடும்போது பார்த்துக்கொண்டிருந்தால் நான் ஏதாவது சொல்லிவிடுவேன்.

"மி..." என்றான். "மி... மிளகு."

எல்லா மரத்திலும் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறார்கள். இந்த ஒன்றில் மட்டும் இல்லை. அந்த மரத்தை எத்தனையோ முறை தொட்டவன் நான், பார்த்ததில்லை.

'மிளகு இல்லை.' அதுதான் குறிப்பு.

ஹெப்சிபா மேடத்திடம் சொன்னேன். "இந்த மாதிரி ஒரு பயிற்சி எங்க புத்தகத்துல இல்லையே" என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, "வீட்டுல பேசறீங்க, எங்கிட்டப் பேசறீங்க. தெரியாத ஆள்கிட்ட?" என்றார். அண்ணன் ஜன்னலைப் பார்த்தான். "பஸ்ல ஏறுறவங்க எல்லாரும் தெரியாத ஆளுங்கதானேங்க" என்றார்.

மே 7

புனேக்கு இன்னும் ஒரு மாதம் விடுப்புக் கேட்டு எழுதினேன். சம்பளமில்லாமல். விடுப்பு கொடுத்துவிட்டார்கள் என்று மட்டும் அண்ணியிடம் சொன்னேன்.

மே 11, ஞாயிறு

மோசமான நாள்.

திரும்பி வர நேரமாகிவிட்டது, கடைகள் திறந்துவிட்டன. பழக்கடை ராசுக்கவுண்டர் அண்ணனைப் பார்த்துவிட்டார். நல்ல மனிதர். பக்கவாதம் என்று தெரியும், பேச்சு போனது தெரியாது. "அடேங்கப்பா, கண்டக்டரு! ஆளே காணோம்? எப்போ பஸ்ஸுல பாக்கறது?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் வாயைத் திறந்தான். வரவில்லை. கவுண்டர் சிரித்தபடி, "என்னய்யா, வாயில கொழுக்கட்டையா? டிக்கெட் எடு டிக்கெட் எடுன்னு எங்க காதைக் கிழிச்ச ஆளாச்சே!" என்றார்.

கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். கெட்ட எண்ணமில்லை. அண்ணன் கையை உருவிக்கொண்டான்.

நான் கவுண்டரிடம் நாலு வார்த்தை கேட்டேன். அவர் முகம் விழுந்துவிட்டது, பாவம். அண்ணன் அதற்கும் சேர்த்து என்மேல் கோபப்பட்டான்.

மே 12

வரவில்லை.

மே 17

வரவில்லை. கவுண்டர் ஒரு கூடை ஆரஞ்சு கொடுத்தனுப்பியிருக்கிறார். அண்ணன் தொடவில்லை. நான்கு தின்றேன்.

மே 23, வெள்ளி

கோடை விழாவுக்குக் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. தளத்தில் இரண்டாவது பெட்டிக்கு இரண்டு பேர் அடுத்தடுத்து 'கிடைக்கவில்லை' என்று போட்டிருக்கிறார்கள். இப்படி வந்தால் வைத்தவன் நேரில் போய்ப் பெட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் பக்கத்தையே எடுத்துவிடுவார்கள்.

அண்ணனிடம் காட்டினேன். "பெட்டி தொலைஞ்சிருக்கும்" என்றேன். "இல்ல குறிப்பு சரியில்லையோ என்னவோ."

கடைசி வாக்கியத்தை வேண்டுமென்றுதான் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தான்.

மே 25, ஞாயிறு

காலை எட்டு மணி. விடியற்காலை மழை, கிளம்பத் தாமதம். அண்ணன்தான் கிளம்பினான். நான் பின்னால் போனேன்.

பெட்டி பொந்தில் பத்திரமாக இருந்தது. மிளகும் இல்லை. ஏன் கிடைக்கவில்லை என்று புரியவில்லை. அண்ணன் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தான். நான் எதிரில் இருந்த டீக்கடைக்குப் போனேன். டீ சொல்லித் திரும்பிப் பார்த்தால், ஒரு பெண் கையில் போனோடு மரங்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருக்கிறார். முப்பது வயதிருக்கும், தோளில் பை, முழங்கால் வரை சேறு. எனக்குத் தெரியும் அந்த நடை. நான்கு அடி போவார், போனைப் பார்ப்பார், திரும்புவார்.

பிறகு அவர் நேராக அண்ணனிடம் போனார்.

நான் டீயை வைத்துவிட்டு எழுந்தேன். சாலையில் இரண்டு சுற்றுலா வேன்கள் குறுக்கே வந்து நின்றன. அவை நகர்வதற்குள் அந்தப் பெண் சொன்னது காதில் விழுந்தது.

"சார், ஒரு ஹெல்ப். இதுல என்ன எழுதிருக்குன்னு படிச்சு சொல்றீங்களா? நான் வளர்ந்ததெல்லாம் பெங்களூர். தமிழ் பேசுவேன், படிக்க வராது."

குறிப்பு ஏன் பயன்படவில்லை என்று எனக்கு அப்போது உறைத்தது. தளம் குழப்பாமல் விட்டது. ஆனால் தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்த எழுத்தைவிடப் பெரிய பூட்டு இல்லை.

வேன்கள் நகர்ந்தன. சாலையைத் தாண்ட எனக்கு எட்டு அடிகூட ஆகாது. அண்ணன் அவருடைய போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், தன் எழுத்தை. பிறகு தலையைத் தூக்கி, சாலையின் இந்தப் பக்கம் என்னைப் பார்த்தான். வா என்று கூப்பிடவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. பார்த்தான், அவ்வளவுதான்.

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். டீக்கடைக்காரர், "என்ன தம்பி, டீ ஆறுது, குடிக்கலையா?" என்றார். குடிக்கிறேன் என்றேன்.

"மி..." என்றான் அண்ணன்.

அந்தப் பெண் காத்திருந்தார்.

"மி... மி..."

"உங்களுக்கும் படிக்க வராதா சார்?" என்றார் அவர், ரொம்ப நிம்மதியாக. "பரவால்ல, எனக்குத் துணைக்கு ஆள் இருக்கு!"

அண்ணன் சிரித்துவிட்டான். வாய் விட்டு. இந்த ஊரில் அத்தனை பேருக்கும் டிக்கெட் கிழித்தவனைப் பார்த்துப் படிக்க வராது என்று சொன்ன முதல் ஆள் அவர். அவரும் சேர்ந்து சிரித்தார். "மிரரா? மில்லா?" என்று ஊகிக்க ஆரம்பித்தார்.

அண்ணன் இடது கையைத் தூக்கினான். பஸ்ஸில் படியில் தொங்குகிறவர்களை நிறுத்துகிற அதே கை. "இருங்க" என்றான்.

அவர் இருந்தார்.

"மிளகு" என்றான். மூச்சு வாங்கினான். "இல்ல."

"மிளகு இல்லையா? மிளகுன்னா பெப்பர்தானே? இங்க எங்க பெப்பர்?"

அண்ணன் மரத்தைக் காட்டியிருக்கலாம். கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு மரத்தின் கொடியைக் கிள்ளி முகர்ந்தார். அடுத்த மரம், அடுத்த மரம். பிறகு "ஓ!" என்று ஒரு சத்தம் போட்டார். டீக்கடையில் எல்லாரும் திரும்பினார்கள்.

சுருளில் பெயரெழுதிவிட்டு மறுபடி அண்ணனிடம் வந்தார். "நீங்க இந்த ஊரா சார்? என்ன பண்றீங்க?"

நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"கண்... கண்டக்டர்" என்றான்.

வீட்டுக்கு வரும் வழியில் ராசுக்கவுண்டர் கடை. நான் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று நினைத்தேன். அண்ணன் அந்தப் பக்கம்தான் போனான். கடைக்கு முன் நின்று, "ஆரஞ்சு" என்றான். "பு... புளிப்பு."

கவுண்டருக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பிறகு, "யோவ், ஓசியில குடுத்ததுக்கு இது வேறயா!" என்று கத்தினார். அவர் கண் கலங்கியது மாதிரி இருந்தது. எனக்கு மழையில் சரியாகத் தெரியவில்லை. மழை நின்றுபோயிருந்தது என்று அண்ணி சொல்வார்.

மே 26

இரண்டாவது பெட்டியின் பக்கத்தில், தமிழ்க் குறிப்புக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் அக்கம்பக்கத்தில் யாரையாவது கேட்கவும்.' இதை மட்டும் ஆங்கிலத்தில் போட்டேன். இதைத் தளம் ஒழுங்காகக் குழப்பியது.

ஜூன் 5

பேச்சுப் பயிற்சிக்குப் பஸ்ஸில் போனோம். மூன்று பேர் சீட்டில், அண்ணன் ஜன்னல் ஓரம். பணியிலிருந்த கண்டக்டர் டிக்கெட் வேண்டாம் என்றார். அண்ணன் நோட்டை நீட்டிக்கொண்டே இருந்தான், அவர் கிழிக்கும் வரை.

ஜூன் 12, வியாழன்

மருத்துவக் குழு, சேலம். மூன்று டாக்டர்கள், ஒரு நிர்வாக அலுவலர். கூட ஒருவர் வரலாம் என்றார்கள். அண்ணி என்னைப் போகச் சொன்னார். "நீங்க போங்க தம்பி. நான் போனா அழுதுருவேன். நீங்க வாயை மட்டும் மூடிக்கங்க."

கை, கால், பார்வை, காது. பெயர், ஊர். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். மெதுவாக, உடைந்து உடைந்து. இரண்டு இடத்தில் தவறான வார்த்தை வந்து, அவனே தலையாட்டித் திருத்தினான். பெரிய டாக்டர் வயதானவர், அவசரப்படவில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"காளியண்ணன், நல்லா தேறியிருக்கீங்க. ஆனா ஓடுற பஸ்ல இப்போ வேண்டாம். அறுபது பேருக்கு நடுவுல நிக்கணும், கை பிடிமானம் இன்னும் வரல. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம். என்ன?"

அண்ணன் தலை குனிந்தான். நான் நாற்காலியின் கையைப் பிடித்திருந்தேன்.

"அதுவரைக்கும் மாற்றுப் பணி" என்றார் நிர்வாக அலுவலர். "டெப்போ ஸ்டோர்ல ஒரு இடம் இருக்கு. உதிரிபாகம் எடுத்துக் குடுக்கறது. அமைதியான வேலை, யார்கிட்டயும் பேச வேண்டியதில்ல. இன்னொன்னு சேலம் பஸ் ஸ்டாண்டு விசாரணைக் கவுண்டர். அது உங்களுக்குச் சிரமம். ஸ்டோரே போட்டுடலாமா?"

பேனாவை எடுத்துவிட்டார். என்னிடம் கேட்டிருந்தால் ஸ்டோர் என்றுதான் சொல்லியிருப்பேன். எந்த வகையில் பார்த்தாலும் ஸ்டோர்தான் சரி. வாய் திறந்தும்விட்டது.

"இருங்க" என்றான் அண்ணன்.

பேனா நின்றது. என் வாயும்.

மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டுத் தட்டியது. நிர்வாக அலுவலர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"வி..." என்றான். "விசா..."

"விசாரணையா?" என்றார் அலுவலர்.

அண்ணன் அவரைப் பார்த்துத் தலையாட்டினான், நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம் என்பது போல. பெரிய டாக்டர் அலுவலரின் கைமேல் கை வைத்தார். அண்ணன் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

"விசா... ரணை."

"அதுதானே நானும் சொன்னேன்?" என்றார் அலுவலர். "யோசிச்சுப் பாருங்க. நாள் முழுக்க வந்து கேட்டுக்கிட்டே இருப்பாங்க. அத்தனையும் தெரியாத ஜனம்."

"கேக்... கேக்கட்டும்" என்றான் அண்ணன்.

வெளியே அண்ணி தூணில் சாய்ந்து நின்றிருந்தார். நான் சொல்லவில்லை. அண்ணனே போய்ச் சொன்னான். நேரமெடுத்தது. அண்ணி அழுதார், சிரித்தார், யாருக்கும் பசிக்கவில்லை என்று தெரிந்தும் மூன்று பேருக்கும் சாப்பாட்டு டோக்கன் வாங்கினார்.

ஜூன் 14, சனி

புனேக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அண்ணி மட்டும், "விடுப்பு கொடுத்துட்டாங்கன்னு சொன்னீங்களே, சம்பளம் இல்லாமத்தானே?" என்று கேட்டார். எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை.

இனி செய்ய வேண்டியவை:

1. சேலத்தில் இரண்டு கம்பெனிகளுக்கு விண்ணப்பம். திங்களுக்குள்.
2. விசாரணைக் கவுண்டரில் நாற்காலி உயரம் போதுமா என்று பார்ப்பது. போதாவிட்டால் மெத்தை.
3. எட்டாவது பெட்டி, சேலத்தில். பஸ் ஸ்டாண்டுக்குள் கூடாது, வெடிகுண்டு என்பார்கள். இடத்தை அண்ணன் பார்ப்பான். குறிப்பும் அவனே.
4. ராசுக்கவுண்டரிடம் மன்னிப்பு. அண்ணன் இல்லாதபோது.
5. திங்கள் காலை அண்ணனை முதல் பஸ்ஸில் ஏற்றிவிடுவது. கூடப் போகக் கூடாது.